பாம்பைப் பிடித்தாயிற்று, எங்கே விடுவது?

கோடை மழை இரண்டு முறை கொட்டினால் போதும், பெங்களூரில் பாம்பு பிடிப்பவர்களுக்குத் தூக்கம் போய்விடும். நல்ல பாம்பின் முட்டைகள் பொரியும் காலம் அது. கண்ணாடி விரியன் குட்டி போடுவதும் அப்போதுதான். செருப்பு அலமாரி, ஸ்கூட்டரின் முன்பக்கம், அடுக்குமாடிக் கட்டடத்தின் மோட்டார் அறை என்று அழைப்பு எங்கிருந்தும் வரும்.

வருகிறவர் முதலில் செய்ய வேண்டியது கூட்டத்தை விலக்குவது. அடிக்கக் கம்போடு நிற்பவரையும், செல்போனில் படமெடுக்க நெருங்குபவரையும் சமாளிப்பது பாம்பைச் சமாளிப்பதைவிடச் சிரமம். அடுத்த வேலை, பாம்பை அடையாளம் காண்பது. கன்னடர்கள் கேரெ ஹாவு என்று சொல்லும் சாரைக்கு விஷம் இல்லை. நாகம் என்று நினைத்து அதை அடித்துக் கொன்றுவிடுகிறார்கள். இதற்கு நேர்மாறான தவறு இன்னும் ஆபத்தானது: கொழுத்த கண்ணாடி விரியனை மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் கையில் எடுப்பது. பிரஷர் குக்கர் போன்ற அதன் சீறல்தான் எச்சரிக்கை.

பிடிப்பதில் வித்தை எதுவும் தேவையில்லை. கழுத்தை அமுக்கிப் பிடிக்கும் பழைய பாணியில் பாம்புக்குக் காயம், பிடிப்பவருக்குக் கடி. துணிப்பையின் வாயில் ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கட்டித் தரையில் வைத்து, கொக்கியால் மெல்லத் திசை காட்டினால், இருட்டுப் பொந்தைத் தேடும் பாம்பு தானே உள்ளே நுழைந்துவிடும். கை படாமல் காரியம் முடிகிறது. ஆனால் படமெடுத்து நிற்கும் நாகத்தோடு தானும் படம் எடுத்துக்கொள்ளும் சபலம் பல அனுபவசாலிகளின் உயிரைக் குடித்திருக்கிறது. பல முறை கடி வாங்கியவருக்கு விஷம் ஏறாது என்பதும் கட்டுக்கதை. ஒவ்வாமையால் ஆபத்து கூடவும் செய்யலாம்.

பாம்பு பைக்குள் போனதும் வீட்டுக்காரர் சொல்வது ஒன்றுதான்: ரொம்ப தூரத்தில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள். பன்னேர்கட்டா காடு இருக்க என்ன கவலை என்று தோன்றும். சிக்கலே அங்கேதான்.

பாம்புக்குத் தன் வட்டாரம் தெரியும். எந்தப் பொந்தில் ஒளியலாம், எங்கே எலி கிடைக்கும் என்பதெல்லாம் பழகிய விஷயம். முன்பின் தெரியாத காட்டில் விட்டால் அது அலைகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள ஆகும்பேயில் ராஜநாகங்களின் உடலில் ரேடியோ கருவி பொருத்திப் பின்தொடரும் ஆய்வு 2008-ல் தொடங்கியது. அதில் இடம் மாற்றி விடப்பட்ட ஓர் ஆண் நாகம் நிலைகொள்ளாமல் வெகு தூரம் போய்க்கொண்டே இருந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சங்கிலிக்கறுப்பன்களை இடம் மாற்றிப் பார்த்த ஆய்வு 1999-ல் வெளியானது. அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்தவற்றில் செத்தவை சுமார் பத்தில் ஒன்று. கொண்டுவந்து விட்டவற்றில் பாதிக்கு மேல். அலையும் பாம்பு ரோட்டைக் கடக்கிறது, வேறொரு ஊரின் களத்துமேட்டில் மனிதர் காலில் மிதிபடுகிறது. நகரத்து வீட்டின் பயம் கிராமத்துக் குடிசையின் ஆபத்தாக மாறுகிறது.

அது சிறிய ஆபத்தல்ல. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. ஆண்டுக்குச் சராசரி 58,000. பெரும்பாலும் கிராமத்துக்காரர்கள். கர்நாடக அரசு 2024 பிப்ரவரியில் பாம்புக் கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. அதே ஆண்டில் தமிழ்நாடும் அறிவித்தது. மருந்துக்குத் தேவையான விஷத்தைத் தருவதில் பெரும் பங்கு, 1978-ல் தொடங்கி சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்துடையது. விஷம் எடுத்த பாம்புகளை அவர்கள் மறுபடி வெளியில் விட்டுவிடுகிறார்கள்.

அப்படியானால் பெங்களூரில் பிடித்த பாம்பை என்ன செய்வது? பிடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே, ஆள் புழங்காத புதரிலோ ஏரிக்கரையிலோ விடுவதுதான் நல்லது என்கிறார்கள் விவரம் தெரிந்தவர்கள். வீட்டுக்காரருக்கு இது கசக்கும். ஆனால் அந்த இடத்துக்குப் பாம்பை அழைத்தது குப்பையும் எலியும். ஒன்றைத் தூரத்தில் விட்டாலும் எலி இருக்கும் வரை இன்னொன்று வரும். சம்பங்கி ஏரி கன்டீரவா மைதானமாகவும், தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பஸ் நிலையமாகவும் ஆகிவிட்ட ஊரில் புதரும் நீரும் குறைந்துகொண்டே வருகின்றன. பாம்பு வீட்டுக்குள் வந்தது என்கிறோம். பல இடங்களில் வீடுதான் பாம்பிடம் போனது.

கதவிடுக்கை அடைப்பது, குப்பையை அகற்றுவது, இரவில் டார்ச் இல்லாமல் நடக்காமல் இருப்பது, கடித்தால் கட்டுப்போட்டு இறுக்காமல், காலை அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போவது. நல்ல பாம்புபிடிப்பவர் கிளம்பும்முன் இவற்றைச் சொல்லிவிட்டுத்தான் போகிறார். பையில் போகும் பாம்பைவிட அந்தப் பத்து நிமிடப் பேச்சுக்குத்தான் பலன் அதிகம்.

பெங்களூரின் அரச மரத்தடிகளில் நாகர் கற்களுக்குக் குறைவில்லை. நாகபஞ்சமியன்று பாலுக்கும் குறைவில்லை. கல் நாகத்துக்கு ஒரு மரியாதை, உயிருள்ள நாகத்துக்கு வேறு மரியாதை என்ற முரணைப் பசவண்ணர் 12-ஆம் நூற்றாண்டிலேயே குத்திக்காட்டினார். இன்று கம்பைக் கீழே போட்டுவிட்டுப் போன் செய்யக் கற்றிருக்கிறார்கள். அது பாதி வழி. பக்கத்துப் புதரில் அதை இருக்க விடுவது மீதி.