மானிட்டர் கேபிளுக்குப் பூட்டு வேண்டாமா?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர் ஒருவர் ஒரு நாள் இரவு போன் செய்தார். "மானிட்டர் போய்விட்டது சார். திடீர் திடீரென்று திரை கறுப்பாகிவிடுகிறது. கடையில் கேட்டால் வேறு மானிட்டர் வாங்கச் சொல்கிறார்கள்" என்றார். மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். கம்ப்யூட்டர் மேஜை சுவரோடு ஒட்டிக் கிடந்தது. சிபியுவின் பின்னால் செருகியிருந்த எச்டிஎம்ஐ கேபிளைச் சுவர் ஒரு பக்கமாக அழுத்திக் கொண்டிருந்தது. மேஜையை அரை அடி முன்னால் இழுத்து, கேபிளை நேராகச் செருகினேன். அவ்வளவுதான், படம் நிலையாக வந்துவிட்டது. அவர் கடைக்காரர் சொன்னபடி வேறு மானிட்டர் வாங்கியிருந்தாலும் பிரச்னை தீர்ந்திருக்காது!

இதில் நண்பரின் தவறு குறைவு. கேபிளின் அமைப்பிலேயே குறை இருக்கிறது என்பது என் கருத்து.

1987-ல் ஐபிஎம் நிறுவனம் அறிமுகப்படுத்திய விஜிஏ இணைப்பில் மூன்று வரிசைகளில் 15 பின்கள். இரு பக்கமும் விரலால் திருகும் ஸ்க்ரூக்கள். 1999-ல் வந்த டிவிஐ இணைப்பும் ஸ்க்ரூவைக் கைவிடவில்லை. 2002 இறுதியில் வெளியான எச்டிஎம்ஐ, டிவி போன்ற வீட்டுச் சாதனங்களை மனதில் வைத்து உருவானது. டிவியை ஒரு முறை மாட்டினால் யாரும் தொடுவதில்லை. எனவே அதில் ஸ்க்ரூவும் இல்லை, கொக்கியும் இல்லை. உலோகக் கூட்டின் பிடிமானம் மட்டும்தான். அதையே அப்படியே கம்ப்யூட்டருக்கும் கொண்டு வந்துவிட்டார்கள்.

எச்டிஎம்ஐ இணைப்பு 10,000 முறை செருகி எடுப்பதைத் தாங்க வேண்டும் என்கிறது அதன் தர விதி. தினமும் ஒரு முறை செருகினால்கூட 27 வருடம்! அப்படியென்றால் ஏன் கெடுகிறது? இந்தக் கணக்கு நேராகச் செருகி, நேராக எடுப்பதற்கு. கேபிளின் எடை கீழே இழுப்பதும், சுவர் பக்கவாட்டில் தள்ளுவதும் அதில் சேராது. போர்ட்டைத் தளர்த்துவது பெரும்பாலும் இவைதான்.

"ஸ்க்ரூ இருந்தால் ஒயரில் கால் தடுக்கும்போது லேப்டாப்பே கீழே விழுந்துவிடுமே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. விஜிஏ பின்கள் வளைந்து, ஒரு நிறம் வராமல் போன கதைகளும் உண்டு. ஆனால் இதற்கு நடுவழி இருக்கிறது. 2006-ல் வந்த டிஸ்ப்ளேபோர்ட் கேபிள்கள் பலவற்றில் சிறு கொக்கி உண்டு. செருகினால் தானே பிடித்துக்கொள்ளும், பட்டனை அழுத்தினால் விட்டுவிடும். ஸ்க்ரூ திருகும் வேலை இல்லை.

கேபிள் கெட்டால் சில நூறு ரூபாயில் புதிது வாங்கிவிடலாம். போர்ட் கெட்டால் அப்படியல்ல. அது மதர்போர்டிலோ டிஸ்ப்ளே கார்டிலோ சால்டர் செய்யப்பட்டிருக்கிறது. லேப்டாப்பில் என்றால் செலவு அதிகம். எனவே பூட்டு இல்லாத போர்ட்டை மட்டும் வைத்து மானிட்டர் விற்பதைத் தயாரிப்பாளர்கள் நிறுத்த வேண்டும். நாமும் மானிட்டர் வாங்கும்போது இன்ச் கணக்கை மட்டும் பார்க்காமல், பின்பக்கம் என்னென்ன போர்ட்கள் உள்ளன என்று கேட்க வேண்டும். மானிட்டர், கம்ப்யூட்டர் இரண்டிலும் டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். கழற்றும்போது பட்டனை அழுத்த மறக்காதீர்கள். அழுத்தாமல் இழுத்தால் போர்ட்டே உடையலாம்.

எச்டிஎம்ஐ மட்டும்தான் இருக்கிறதா? கவலை வேண்டாம். சிபியுவுக்கும் சுவருக்கும் இடையே ஒரு கை நுழையும் அளவு இடம் விடுங்கள். கேபிள் தொங்காமல் மேஜைக் காலோடு தளர்வாகக் கட்டி வையுங்கள். கழற்றும்போது ஒயரைப் பிடித்து இழுக்காமல், பிளக்கைப் பிடித்து நேராக எடுங்கள். லேப்டாப்பில் அடிக்கடி மாட்டிக் கழற்றுபவர்கள் சிறிய எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்றைப் போர்ட்டிலேயே விட்டு வைக்கலாம். தேய்வது அந்த கேபிளாகத்தான் இருக்கும்.

அடுத்த முறை திரை கறுப்பானால், கடைக்குப் போன் செய்வதற்கு முன் மேஜைக்குப் பின்னால் ஒரு முறை எட்டிப் பாருங்கள்.