மதுக்கடையும் ஜனங்களின் பாதுகாப்பும்

மதுக்கடைகளுக்கு விதிகள் இல்லாமலில்லை. 2003-ஆம் வருஷத்து விதிகளின்படி, கிராமங்களில் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் 100 மீட்டருக்குள் கடை வைக்கலாகாது. நெடுஞ்சாலைக்கு 500 மீட்டருக்குள் கூடாதென்று 2016 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2017 மார்ச்சில், 20,000 பேருக்கு மேற்படாத ஊர்களுக்கு அதை 220 மீட்டராகக் குறைத்தது.

கிழக்குக் கடற்கரைச் சாலை மேலுள்ள உப்பூர் போன்ற கிராமங்களுக்கு இது போதுமா? 220 மீட்டர் நடந்தால் போதை தெளிந்துவிடாது. லாரிகள் விரையும் அதே சாலையில்தான் குடித்தவன் இரவில் வீடு திரும்ப வேண்டும். அவ்வழியில் விளக்குண்டா, நெருப்புப் பற்றினால் பாரிலிருந்து வெளியேற மற்றொரு வாசலுண்டா என்று பார்ப்பவர் யார்?

2003 முதல் சில்லறை மதுக்கடைகள் சர்க்காரின் டாஸ்மாக் வசமாயின. விதி செய்பவரும் விற்பவரும் ஒருவரே. தராசு பிடித்தவரே படிக்கல்லையும் சோதித்தால் நியாயம் விளங்குமா? சோதனை வேறு கையில் இருக்க வேண்டும். அதன் முடிவைக் கிராம சபையில் படிக்க வேண்டும். குறை கண்ட கடையை, அது தீரும்வரை மூட வேண்டுமென்பதே நமது அபிப்பிராயம்.

வருமானம் குறையுமென்பார்கள். 1937-இல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கிய ராஜாஜி, 1939-இல் விற்பனை வரி விதித்து நஷ்டத்தை ஈடுசெய்ய முற்பட்டார். ஒரு கடையைச் சில நாள் மூடவும் இன்றைய சர்க்காருக்குத் துணிவில்லையா?