அலிப்பூருக்கு ஒரு பிரதி

பாளையங்கோட்டையில் சிறு பதிப்பகம் நடத்துகிறேன். பைண்டிங் முடிந்து புத்தகக் கட்டு வந்ததும், எழுத்தாளருக்குப் பிரதி கொடுத்த கையோடு ஒரு பார்சல் கட்டிவிடுவேன். பழுப்புத் தாள், சணல் கயிறு, மேலே முகவரி: தேசிய நூலகம், பெல்வெடேர், அலிப்பூர், கொல்கத்தா 700027.

"வங்காளத்தில் யார் உட்கார்ந்து தமிழ் படிக்கப்போகிறார்கள்?" என்று தொழில் நண்பர்கள் கேட்பார்கள். அனுப்பியாக வேண்டும் என்பது 1954ஆம் ஆண்டுச் சட்டம். வெளியான 30 நாளுக்குள், பதிப்பாளர் தன் செலவிலேயே அனுப்ப வேண்டும். தவறினால் 50 ரூபாய் வரை அபராதம், கூடவே புத்தகத்தின் விலை. அந்தத் தொகைக்கு யார் பயப்படப்போகிறார்கள்? நான் அனுப்புவதற்குக் காரணம் வேறு.

எங்கள் நெல்லைச் சீமையில் பிறந்தவர் எஸ். வையாபுரிப் பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர். 1956இல் மறைந்தார். அவர் தேடித்தேடிச் சேர்த்த நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் இன்று இருப்பது அலிப்பூரில்தான். தமிழே தெரியாத ஒரு நகரம் நம்முடைய ஏடுகளைக் காத்துவருகிறது. வங்காளக் கல்வியாளர் ஆசுதோஷ் முகர்ஜியின் குடும்பத்தார் கொடுத்த 80,000க்கும் மேற்பட்ட நூல்களும் அதே வளாகத்தில் இருக்கின்றன. அந்த நூலகத்தைச் சுதந்திர இந்தியாவில் முதலில் கட்டி நிறுத்தியவர் பி.எஸ். கேசவன். ஒரு காலத்தில் துணைநிலை ஆளுநர்கள் குடியிருந்த மாளிகை, 1953இல் யார் வேண்டுமானாலும் வந்து படிக்கும் இடமாயிற்று.

கேசவன் செய்த இன்னொரு காரியம் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. இப்படி வந்துசேரும் புத்தகங்களைக் கொண்டு இந்திய தேசிய நூற்பட்டியல் உருவாக அவர் வழிசெய்தார். அதில் தமிழுக்கு ஒரு பகுதி, வங்காளிக்கு ஒரு பகுதி என்று பிரிக்கவில்லை. எல்லா மொழித் தலைப்புகளையும் ரோமன் எழுத்தில் மாற்றி, பொருள்வாரியாக அடுக்கினார்கள். நெல் சாகுபடி பற்றித் தஞ்சாவூர்க்காரர் எழுதியதும் வங்காளத்துப் பர்தமான்காரர் எழுதியதும் ஒரே தலைப்பின் கீழ் வந்து நிற்கும். எழுதிய இருவருக்கும் அது தெரியக்கூடத் தெரியாது.

மனிதன் தன் சாதி, தன் மொழி என்றுதான் ஒதுங்குவான் என்கிறார்கள். புத்தக வியாபாரத்தில் அதை நான் தினமும் பார்க்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் முகம் தெரியாத, இன்னும் பிறக்காத ஒருவனுக்காக ஒரு பொருளைப் பத்திரப்படுத்துவதும் அதே மனிதன்தான். இந்தக் குணத்தை நாம் போதுமான அளவு மதிப்பதில்லை என்பது என் வருத்தம்.

சக பதிப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நாவல், கவிதையோடு நிறுத்திவிடாதீர்கள். 300 பிரதி அச்சிட்டுச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தே தீர்ந்துபோகும் ஊர் வரலாறு, கோயில் தலபுராணம், பள்ளி ஆசிரியர் தொகுத்த வட்டார வழக்குச் சொற்கள்: இவைதான் முதலில் காணாமல் போகின்றன. கெடு தாண்டியிருந்தாலும் கையில் மிச்சமிருக்கும் ஒரு பிரதியை இந்த வாரமே தபாலில் சேருங்கள்.