கவுன்ட்டி வருமானம் ஏறுதுன்னு வீடு வாங்காதீங்க

டல்லாஸ் பக்கம் வேலை கிடைச்சுப் போறவங்க, ஏற்கெனவே அங்கே இருந்துக்கிட்டு வீடு தேடுறவங்க, ரெண்டு பேருக்கும் ஏஜென்ட் காட்டுற ஒரு கிராஃப் இருக்கு. "இந்த கவுன்ட்டியோட மீடியன் ஹவுஸ்ஹோல்டு இன்கம் எப்படி ஏறியிருக்கு பாருங்க. நல்ல ஏரியா, தைரியமா வாங்குங்க." அந்த கிராஃபை நம்பி 30 வருஷக் கடன்ல கையெழுத்துப் போடக் கூடாதுங்கிறதுதான் என் கருத்து. நம்பர் பொய்யில்லை. அதை நாம படிக்கிற விதம்தான் தப்பு.

ப்ளேனோ, மெக்கின்னி, ஆலன் எல்லாம் இருக்கிற காலின் கவுன்ட்டியையே எடுத்துக்குவோம். (கவுன்ட்டின்னா நம்ம ஊர் மாவட்டம் மாதிரி.) 2000 சென்சஸ்படி, 1999-ல் அங்கே மீடியன் குடும்ப வருமானம் 70,835 டாலர். அதாவது எல்லாக் குடும்பங்களையும் வருமானப்படி வரிசையா நிக்க வெச்சா நடுவுல நிக்கிற குடும்பத்தோட வருமானம். 2019–2023 கணக்குல அது சுமார் 1,17,500 டாலர். 66% ஏற்றம். சூப்பர், இல்லையா?

இப்போ விலைவாசியைச் சேர்த்துப் பாருங்க. அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீடு 1999-ல் 166.6, 2023-ல் சுமார் 304.7. அதாவது 83% ஏற்றம். அன்னைக்கு 70,835 டாலருக்கு வாங்கினதை 2023-ல் வாங்க சுமார் 1,29,500 டாலர் வேணும். அப்படிப் பார்த்தா நடுக்குடும்பத்தோட வாங்கும் சக்தி 9% குறைஞ்சிருக்கு!

அப்போ காலின் மக்கள் ஏழையாயிட்டாங்களா? அதுவும் இல்லை. 2000-ல் அங்கே 4.9 லட்சம் பேர், 2020-ல் 10.6 லட்சம் பேர். நடுவுல நிக்கிறது அதே குடும்பம் இல்லை, வரிசையே மாறிப்போச்சு. ஆடிட்ல ஒரு கம்பெனி புதுசா நாலு கிளை திறந்துட்டு, ஒரு கிளைக்கு சராசரி விற்பனை குறைஞ்சுதுன்னு சொன்னா, பழைய கிளைகளை மட்டும் தனியா காட்டச் சொல்வோம். கவுன்ட்டி மீடியன்ல அப்படிப் பிரிச்சுக் காட்ட யாரும் இல்லை.

அடுத்தது, இந்த நம்பர் எப்படி வருதுங்கிறது. 2000 வரைக்கும் பத்து வருஷத்துக்கு ஒருமுறை சென்சஸ்ல நீளப் படிவத்துல வருமானத்தைக் கேட்டாங்க. 2005-லிருந்து நாடு முழுக்க வருஷம்தோறும் அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே நடக்குது. 65,000 பேருக்கு மேல இருக்கிற கவுன்ட்டிக்குத்தான் ஒரு வருஷக் கணக்கு வரும். சின்ன கவுன்ட்டிக்கு அஞ்சு வருஷ சாம்பிளைச் சேர்த்துத்தான் ஒரு நம்பர். "போன வருஷத்தை விட இவ்வளவு கூடியிருக்கு"ன்னு சொல்றவர் பெரும்பாலும் 2018–2022-ஐ 2019–2023-ஓட ஒப்பிடுறார். ரெண்டுலயும் நாலு வருஷம் ஒண்ணுதான்! 2014–2018-ஐ 2019–2023-ஓட ஒப்பிடுங்க, அதுவும் ரெண்டையும் ஒரே வருஷ டாலருக்கு மாத்தின பிறகு.

பக்கத்துலயே பிழை வரம்பும் போட்டிருப்பாங்க, அதை யாரும் பார்க்கிறதில்லை. டெக்சாஸ்லயே லவிங் கவுன்ட்டியில 2020 சென்சஸ்படி மொத்தமே 64 பேர். அங்கே மீடியன் ஏறுச்சு, இறங்குச்சுன்னு பேச என்ன இருக்கு? சின்ன கவுன்ட்டிக்கு வருஷ வாரியா போக்கு வேணும்னா, சர்வேயோட வரித் தாக்கல் விவரங்களையும் சேர்த்து மாடல் போட்டு சென்சஸ் பீரோ வெளியிடுற 'சைப்பி' மதிப்பீட்டைப் பாருங்க. 2020 ஒரு வருஷக் கணக்கைத் தொடாதீங்க. கோவிட்ல சர்வே சரியா நடக்காம, அதைப் 'பரிசோதனை'ன்னு முத்திரை போட்டுத்தான் வெளியிட்டாங்க.

நம்ம பசங்க மாட்டிக்கிற இடம் இன்னொண்ணு இருக்கு: 'ஹவுஸ்ஹோல்டு'. ஒரே வீட்டுல இருக்கிற 15 வயசுக்கு மேற்பட்ட எல்லாரோட வருமானமும், வரி பிடிக்கிறதுக்கு முன்னாடி, இதுல சேரும். சொந்தக்காரங்களா இருக்கணும்னுகூட இல்லை. 70,000 டாலர் வாங்குற நாலு பேச்சலர் ஒரே அபார்ட்மென்ட்ல இருந்தா, சென்சஸ் கணக்குல அது 2,80,000 டாலர் வீடு! (பாத்திரம் யார் கழுவுறதுங்கிற சண்டையை சென்சஸ் கேட்காது.)

ஆனா ஹெச்-1பி-ல போற உங்க நிலைமை வேற. வாழ்க்கைத்துணை ஹெச்-4-ல வந்தா, வேலை அனுமதி கிடைக்கிற வரைக்கும் அவங்க சம்பாதிக்க முடியாது. ரெண்டு சம்பளம் இருக்கிற குடும்பங்களும் சேர்ந்த மீடியனைப் பார்த்து, "இந்த ஏரியா ஆளுங்க கட்டுறாங்க, நாமளும் கட்டிடலாம்"னு ஒத்தைச் சம்பளத்துல கடன் எடுத்தா, வேலை போன மாசத்துல அந்த மீடியன் உங்க தவணையைக் கட்டாது.

ஏஜென்ட் அடுத்த தடவை கிராஃப் காட்டினா மூணே கேள்வி கேளுங்க: எந்த வருஷ டாலர்? ஒரு வருஷக் கணக்கா, அஞ்சு வருஷமா? பிழை வரம்பு எவ்வளவு? பதில் வர்ற வரைக்கும் உங்க சம்பள சிலிப், பிடித்தம் போக கைக்கு வர்ற தொகை, ஆறு மாசச் செலவுக்கான கையிருப்பு, இதை மட்டும் வெச்சு பட்ஜெட் போடுங்க. டாலர் மதிப்பு மாத்துற எக்செல் ஷீட்டை வீடியோவுக்குக் கீழே போட்டிருக்கேன், உங்க கவுன்ட்டியைப் போட்டுப் பாருங்க.