அனனியாவும் கர்த்தர் பேரில்தான் பேசினான்

சிதேக்கியா ராஜாவின் நாலாம் வருஷம், ஐந்தாம் மாதம். எருசலேம் ஆலயத்தில் ஆசாரியர்களும் ஜனங்களும் கூடியிருக்கிறார்கள். எரேமியாவின் கழுத்தில் மரத்தாலான நுகம். கிபியோன் ஊரானாகிய அனனியா எழுந்து, இரண்டே வருஷத்தில் பாபிலோனின் நுகம் முறியும், கொண்டுபோன பணிமுட்டுகளும் சிறைப்பட்டுப் போனவர்களும் திரும்பி வருவார்கள் என்கிறான். சேனைகளின் கர்த்தர் சொன்னதாகவே சொல்கிறான்.

அன்று அங்கே நின்ற சாதாரண மனிதர் ஒருவர் யாரை நம்பியிருப்பார்? அனனியாவைத்தான் என்று நினைக்கிறேன். நல்ல செய்தி, தெளிவான கெடு, தயக்கமில்லாத குரல், எல்லாம் அவனிடம் இருந்தன. எரேமியாவோ முதலில் ஆமென் என்கிறார், அப்படியே நடக்கட்டும் என்று மனதாரச் சொல்கிறார். அதன் பிறகு தங்கள் இருவருக்கும் முன்னிருந்த தீர்க்கதரிசிகளை நினைவூட்டுகிறார். அவர்கள் யுத்தத்தையும் துன்பத்தையும் கொள்ளைநோயையும் முன்னறிவித்தவர்கள். சமாதானம் என்று சொல்கிறவனைக் கர்த்தர் அனுப்பினாரா என்பது அவன் சொன்னது நிறைவேறும்போது தெரியும். அனனியா நுகத்தைப் பிடுங்கி ஜனங்களின் கண்முன்னே உடைத்து, இரண்டு வருஷம் என்ற அதே வார்த்தையைக் கர்த்தர் பேரில் மறுபடியும் சொன்னான். எரேமியா தம் வழியே போய்விட்டார்.

போதகப் பணியில் இருக்கும் நாம் அதிகம் தியானிக்க வேண்டிய இடம் இதுதான். ஆண்டவரின் வாயாக அழைக்கப்பட்ட ஒருவர், அந்த நேரத்துக்கென்று தனக்கு வார்த்தை அருளப்படாதபோது, ஏற்கெனவே அருளப்பட்ட வார்த்தையைச் சுட்டிக்காட்டிவிட்டு அமைதியாக வெளியேறுகிறார். புதிய வார்த்தை பிறகுதான் அவருக்கு வருகிறது. அனனியா அதே வருஷம் ஏழாம் மாதத்தில் இறந்துபோகிறான்.

நம்மிடம் வருகிறவர்கள் அந்தக் காத்திருப்புக்கு இடம் தருவதில்லை. மகளுக்கு வந்த வரனை முடிக்கலாமா, நிலத்தை விற்று மகனை வெளிநாட்டுக்கு அனுப்பலாமா, ஐயா, கர்த்தர் என்ன சொல்கிறார் என்று கேட்கிறார்கள். கேட்பவரின் கண்ணில் இருக்கும் தவிப்பைப் பார்த்தால், ஜெபித்துவிட்டு உடனே ஒரு வசனத்தை எடுத்துக் கொடுக்கத்தான் தோன்றும். அன்பினால்தான் கொடுக்கிறோம். ஆனாலும் அதிகாரத்திலிருந்து பிய்த்து எடுத்த ஒற்றை வசனம், அனனியாவின் கையிலும் எரேமியாவின் கையிலும் ஒரே மாதிரிதான் ஒலிக்கும்.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை கொடுக்கும் பல சபைகளில் எரேமியா 29:11 ஒரு வருஷமாவது வந்திருக்கும். அது ஒரு கடிதத்தின் நடுவிலுள்ள வசனம். எகொனியாவோடு கி.மு. 597இல் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதிய கடிதம் அது. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், உங்களைச் சிறைபிடித்த பட்டணத்தின் நலனுக்காக விண்ணப்பம் பண்ணுங்கள் என்று தொடங்குகிறது. உங்கள் நடுவிலுள்ள தீர்க்கதரிசிகளாலும் குறிசொல்லுகிறவர்களாலும் மோசம்போகாதிருங்கள் என்ற எச்சரிக்கை எட்டாம் வசனத்தில். எழுபது வருஷம் என்ற கணக்கு பத்தாம் வசனத்தில். அப்படியென்றால், இந்தக் கடிதம் வாசிக்கப்பட்டதைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் பாபிலோனிலேயே கண்மூட வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் பதினோராம் வசனம்.

அந்த ஆறுதலை நான் குறைக்கவில்லை. அதிகாரத்தோடு சேர்த்து வாசித்தால் அது இன்னும் ஆழமாகிறது. வழிநடத்துதலைத் தேடி வருகிறவருக்கு வேண்டிய சங்கதிகளும் அந்தக் கடிதத்திலேயே இருக்கின்றன. பிழைப்பைத் தொடருவது, குடும்பத்தைக் கட்டுவது, பகைவனுக்காக ஜெபிப்பது, சீக்கிர விடுதலை பேசுகிறவனிடம் எச்சரிக்கையாயிருப்பது. அட்டையில் அச்சிட்ட இரண்டு வரியில் இவற்றில் எதுவும் இல்லை.

எரேமியா இருபத்தாறாம் அதிகாரத்தை வேத ஆராய்ச்சிக் கூட்டங்களில் நாம் அதிகம் எடுப்பதில்லை. ஆலயத்துக்கு விரோதமாகப் பேசியதற்காக எரேமியாவைக் கொல்ல வேண்டும் என்று ஆசாரியர்களும் தீர்க்கதரிசிகளும் கூச்சலிடுகிறார்கள். அப்போது தேசத்து மூப்பரில் சிலர் எழுந்து, சுமார் நூறு வருஷத்துக்கு முன் எசேக்கியாவின் நாட்களில் மொரேசா ஊரானாகிய மீகா இதே போலச் சொன்னாரே என்கிறார்கள். மீகாவின் வார்த்தையோடு அவர்கள் நின்றுவிடவில்லை. அதைக் கேட்ட எசேக்கியா கர்த்தருக்குப் பயந்து விண்ணப்பம் பண்ணியதையும், ஆண்டவர் தீங்கை விலக்கியதையும் சேர்த்துச் சொல்கிறார்கள். வசனத்தை அதன் வரலாற்றோடு மனதில் வைத்திருந்த மூப்பர்கள் ஒரு தீர்க்கதரிசியின் உயிருக்காகப் பேசினார்கள். அதே அதிகாரத்தில் உரியா என்ற இன்னொரு தீர்க்கதரிசி எகிப்திலிருந்து பிடித்துவரப்பட்டு வெட்டப்பட்டார் என்பதையும் மறைக்காமல் பிரசங்கிக்க வேண்டும்.

எரேமியாவுக்குத் துணை நின்ற இன்னொருவர் சாப்பானின் குமாரன் அகீக்காம். கி.மு. 622இல் ஆலயத்தில் கண்டெடுத்த நியாயப்பிரமாண புஸ்தகத்தை யோசியா ராஜாவுக்கு முன்பாக வாசித்த சம்பிரதி இந்தச் சாப்பான். பிற்பாடு பாருக்கு எரேமியாவின் சுருளை வாசித்தது சாப்பானின் இன்னொரு குமாரனாகிய கெமரியாவின் அறையில். யோசியாவுக்குப் பின் ஆண்ட ராஜா அந்தச் சுருளை எரித்தபோது வேண்டாம் என்று தடுத்துப் பேசியவர்களில் கெமரியாவும் ஒருவர். புஸ்தகத்தை ராஜாவுக்கு முன்பாக வாசித்தவரின் பிள்ளைகள் நெருக்கடி நேரத்தில் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று பாருங்கள். யோசியாவும் புஸ்தகத்தைக் கேட்டு வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டதோடு விடவில்லை. உல்தாள் என்னும் தீர்க்கதரிசியிடம் ஐந்து பேரை அனுப்பி விசாரித்தார். வாசிப்பும் ஆலோசனையும் அங்கே ஒன்றாக நடந்தன.

சீட்டுப்போட்டு வசனம் எடுப்பது புதிய பழக்கமல்ல. எர்ன்ஹூட்டில் 1728இல் தினவசனத்தைத் தொடங்கிய மொரேவிய சகோதரர்கள், பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டில் எடுத்தாலும், அதற்குப் பொருத்தமான புதிய ஏற்பாட்டு வசனத்தை யோசித்தே தேர்ந்தெடுக்கிறார்கள். அட்டை கொடுக்கிற சபைகளுக்கு என் வேண்டுகோளும் அந்த வழியில்தான். வசனத்தோடு, முழு அதிகாரத்தையும் வாசிக்கும்படி ஒரு வரி அச்சிடுங்கள். ஜனவரி மாதப் பிரசங்கங்களை அந்த அதிகாரத்துக்கே ஒதுக்குங்கள். பெரிய தீர்மானத்தோடு வருகிற குடும்பத்துக்கு அன்றைக்கே பதில் சொல்லாதீர்கள். அவர்களோடும் மூப்பர் இருவரோடும் உட்கார்ந்து, சம்பந்தப்பட்ட வேதபகுதியைத் தொடக்கம் முதல் முடிவு வரை சத்தமாக வாசியுங்கள். பதில் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்க நேரமில்லை. சுகம் கிடைத்துவிட்டதாக வசனம் வந்தது, சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று சொல்கிறவர்கள் நம் சபைகளில் இருக்கிறார்கள். எசேக்கியாவுக்குப் பதினைந்து வருஷ ஆயுசு வாக்குப்பண்ணப்பட்ட அதே பகுதியில், அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் போடச் சொன்னவரும் ஏசாயாதான். அந்த விசுவாசியோடு அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். 2 இராஜாக்கள் 20ஆம் அதிகாரத்தைப் போகும் வழியிலேயே சேர்ந்து வாசிக்கலாம்.