அவர்கள் தங்களை விற்றுக்கொள்ளவில்லை

மிஷனெரி ஞாயிறு வந்தால் நம் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கும் கதை இது. மேற்கிந்தியத் தீவு ஒன்றில் நாத்திகரான ஆங்கில முதலாளி ஒருவர், அவரிடம் ஆயிரக்கணக்கான அடிமைகள். போதகர் எவரும் அந்தக் கரையில் கால்வைக்கக் கூடாது என்பது அவர் கட்டளை. இதைக் கேட்ட இரண்டு மொரேவிய இளைஞர்கள் தங்களையே அடிமைகளாக விற்று, அந்தப் பணத்தில் கப்பலேறினார்கள், திரும்பவே இல்லை. கேட்கிற வாலிபர்கள் கண்ணீரோடு தங்களை ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கிறார்கள். அந்தக் கண்ணீரை நான் மதிக்கிறேன். ஆனால் கதை நடந்தது அப்படியல்ல. அது மேடையேறும்போதெல்லாம், அந்த மேடையில் நிற்க வேண்டிய சிலர் வெளியே தள்ளப்படுகிறார்கள்.

முதலில் முதலாளியைப் பார்ப்போம். அப்படி ஒரு ஆங்கிலேயர் இல்லை. தீவின் பெயர் செயிண்ட் தாமஸ். டென்மார்க்கின் குடியேற்றம், கரும்புத் தோட்டங்கள் நிறைந்த இடம். அடிமைகளை வைத்திருந்தவர்கள் நாத்திகர்களும் அல்லர். லுத்தரன் சபையும் சீர்திருத்த சபையும் அங்கே வெள்ளையர்களுக்காக நடந்துகொண்டிருந்தன. ஞாயிறு தவறாமல் ஆலயம் போனவர்களே அடிமைகளைச் சாட்டையால் அடித்தார்கள். பழியை ஒரு நாத்திகர் தலையில் போட்டுவிட்டால் இந்த உண்மை கண்ணில் படாமல் போகிறது.

அடுத்தது விற்பனை. கதையில் வரும் அந்த இருவரில் லேனார்டு டோபர் குயவர், டேவிட் நிட்ச்மன் தச்சர். இருவரும் சாக்சனியில் சின்சென்டார்ஃப் பிரபுவின் நிலத்தில் எழுந்த ஹெர்ன்ஹூட் கிராமத்தவர்கள். 1727 ஆகஸ்டில் திருவிருந்து ஆராதனையில் எழுப்புதல் கண்ட மொரேவிய சபை அது. 1732 ஆகஸ்டில் இருவரும் புறப்பட்டார்கள். கோபன்ஹேகனில் பிளெஸ் என்ற அரண்மனை அதிகாரி, அங்கே போய் எப்படிப் பிழைப்பீர்கள் என்று கேட்டார். அடிமைகளோடு அடிமைகளாக உழைப்போம் என்றார் நிட்ச்மன். வெள்ளையரை அப்படி விடமாட்டார்களே என்றார் பிளெஸ். அப்படியானால் தச்சு வேலை செய்வேன் என்று பதில் வந்தது. அடிமையாக மனம் இருந்தது, வழி இல்லை. அந்த மனமே பெரிது. நடக்காத விற்பனையை அதன்மேல் ஏற்றத் தேவையில்லை.

திரும்பவே இல்லையா? நிட்ச்மன் முன்பே பேசிவைத்தபடி 1733-இல் ஊர் திரும்பினார். டோபரை 1734-இல் சபையே திரும்ப அழைத்தது. தீவில் அவர் பானை வனைய ஏற்ற மண் கிடைக்கவில்லை. ஆளுநர் வீட்டு நிர்வாகியாகச் சிறிது காலம் வேலை பார்த்தார். அந்த வசதி அடிமைகளிடமிருந்து தன்னைப் பிரிக்கிறது என்று உணர்ந்ததும் அதை உதறினார். விற்பனைக் கதையைவிட இது என்னை அதிகம் தொடுகிறது. நிட்ச்மனும் திரும்பி வந்ததால்தான் 1736-இல் ஜான் வெஸ்லி பயணம் செய்த கப்பலில் இருந்தார். புயலில் கலங்காமல் பாடிய மொரேவியரைக் கண்டுதான் வெஸ்லி தன் விசுவாசத்தையே கேள்வி கேட்டார்.

கதையின் பெரிய பிழை, எல்லாவற்றையும் இரண்டு வெள்ளை இளைஞர்கள் தொடங்கியதாகச் சொல்வது. தொடங்கியவர் அன்டன், அந்தத் தீவில் அடிமையாக இருந்த கறுப்பர். 1731-இல் கோபன்ஹேகனில் சின்சென்டார்ஃபைச் சந்தித்து, பிறகு ஹெர்ன்ஹூட்டுக்கே வந்து, தீவில் இருக்கும் தன் உடன்பிறந்தவர்கள் சத்தியம் கேட்க ஏங்குவதைச் சபைமுன் சொன்னார். டோபரும் நிட்ச்மனும் கரையேறியதும் தேடிப்போனது அவருடைய உடன்பிறந்தவர்கள் அன்னாவையும் ஆபிரகாமையும்தான். அன்டன் கொடுத்தனுப்பிய கடிதத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். ஊழியம் அந்தக் கடிதத்திலிருந்து தொடங்கியது.

டோபர் காலத்தில் விசுவாசிகள் வெகு சிலர். சபை வளர்ந்தது 1736-க்குப் பிறகு, பிரெடெரிக் மார்ட்டினும் ரெபெக்காவும் சேர்ந்து உழைத்தபோது. ரெபெக்கா அடிமையாய் இருந்து விடுதலை பெற்ற இளம்பெண். தோட்டம் தோட்டமாக நடந்து பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். மிஷனெரி ஒருவரை மணந்தார். அதற்காகவும் சேர்த்து, கணவரோடும் மார்ட்டினோடும் 1738-இல் சிறையில் கிடந்தார். மறு ஆண்டு ஆப்பிரிக்காவில் பிறந்த மக்தலேனா என்ற பெண், 250-க்கும் மேற்பட்ட கறுப்பினப் பெண்களின் சார்பில், ஆண்டவரைத் தொழ எங்களை விடுங்கள் என்று டென்மார்க் ராணிக்கு மனு எழுதினார். அடிமைத் தீவிலிருந்து ஒரு பெண் அரண்மனைக்கு எழுதிய மனு! இதை எத்தனை பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம்?

கதை உண்மையோ இல்லையோ, வாலிபர்கள் அசைக்கப்படுகிறார்களே என்று சிலர் சொல்வார்கள். அந்தக் கதை எதை மறைக்கிறது என்று அவர்கள் அறிய வேண்டும். 1738-இல் மொரேவிய ஊழியம் அத்தீவில் ஒரு தோட்டத்தை வாங்கியது. அதிலிருந்த அடிமைகளும் விலையில் சேர்ந்து வந்தார்கள். சின்சென்டார்ஃப் தீவுக்கு வந்து சிறையிலிருந்தவர்களை மீட்டார். 1739-இல் விடைபெறும்போதோ, எஜமான்களுக்குக் கீழ்ப்படியுங்கள், அடிமைத்தனம் தேவன் வகுத்தது என்று அந்த மக்களிடமே பேசினார். அடிமைகளாகத் தங்களை விற்றவர்கள் என்று நாம் புகழும் ஊழியம் அடிமைகளை வாங்கியது. ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கும் வாலிபருக்கு டோபரின் துணிவோடு இந்தத் தோட்டக் கணக்கையும் சொல்லித்தான் அனுப்ப வேண்டும்.