இன்சர்ட் உடைந்தால் யார் தலை உருளும்?



ஆண்டு மலர் என்றால் கவிதை, துணுக்கு, பிரிவுபசாரம் எல்லாம் இருக்கும். அதற்கு நடுவே கூலன்ட் வாடை அடிக்கும் ஒரு கட்டுரை எதற்கு என்று சிலர் பக்கத்தைத் திருப்பப் பார்ப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். டிப்ளமா சான்றிதழை வாங்கிக்கொண்டு நாம் போய் நிற்கப்போவது பெரும்பாலும் அந்த வாடைக்கு நடுவில்தான்.

கோவையில் ஒரு சி.என்.சி. பட்டறையில் நான் பயிற்சிக்குப் போயிருந்தேன். பம்புக்கு 304 எஸ்.எஸ். ஷாஃப்ட் கடைகிற வேலை. ஆபரேட்டர் அண்ணனுக்கு அதில் பல வருட அனுபவம். ஒருநாள் காலை ஷிஃப்ட்டில் புது இன்சர்ட் பெட்டி வந்தது. மூன்றாவது ஷாஃப்ட்டிலேயே முனை பொரிந்துவிட்டது. திருப்பிப் போட்டார். அதுவும் போச்சு. பதினோரு மணிக்குள் ஆறு முனை காலி. ஒரு ஷாஃப்ட் ரிஜெக்ட்.

சூப்பர்வைசர் கத்தினார். முதலாளியே இறங்கி வந்தார். "டிப்பு என்ன சும்மா வருதா? இந்த மாசக் கூலியில பிடிச்சாத்தான் உங்களுக்கெல்லாம் புத்தி வரும்" என்றார். அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை.

டீ நேரத்தில் அந்தக் காலிப் பெட்டியை எடுத்துப் பார்த்தேன். லேபிளில் சிவப்புக் கோடு. முன்னால் ஓடிய பெட்டியைத் தேடி எடுத்தேன். அதில் மஞ்சள். வகுப்பில் படித்தது அப்போதுதான் உறைத்தது. எஃகுக்கு நீலம், ஸ்டெயின்லெஸ்ஸுக்கு மஞ்சள், வார்ப்பிரும்புக்குச் சிவப்பு. ஓடிப் போய், "அண்ணா, இது வார்ப்பிரும்புக்கான கிரேடுங்க" என்றேன்.

அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "தெரியும் தம்பி. மொத ஜாப்ல சுருளப் பார்த்தப்பவே தெரிஞ்சுபோச்சு. ஆனா நம்மள யாரு கேட்கிறாங்க?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தக் கட்டுரை.

சட்டை அளவும் துணியும்

தவறு எங்கே நடந்தது? வாங்கச் சொல்லி எழுதிய சீட்டில் 'சி.என்.எம்.ஜி. 120408, ஒரு பெட்டி' என்று மட்டும் இருந்தது. அந்த எழுத்தும் எண்ணும் என்ன சொல்கின்றன? முதல் எழுத்து 80 டிகிரி சாய்சதுர வடிவம். 12 என்பது வெட்டு விளிம்பின் நீளம். 04 என்பது தடிமன். 08 என்றால் மூக்கு ஆரம் 0.8 மில்லிமீட்டர். இவ்வளவுதான்! கிரேடு என்ன, சுருளை உடைக்கும் பள்ளத்தின் அமைப்பு என்ன என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. சட்டை 40 அளவு என்று சொல்லிவிட்டு, துணி கதரா கம்பளியா என்று சொல்லாமல் விட்ட மாதிரி.

வார்ப்பிரும்பு தூளாக உதிரும், முனையைத் தேய்க்கும். அதனால் அதற்குத் தேய்மானம் தாங்கும் கடினமான கிரேடு, மழுங்கலான உறுதியான விளிம்பு வேண்டும். 304 அப்படியில்லை. முனையோடு ஒட்டும், வெட்ட வெட்டத் தானே கெட்டிப்படும், சுருள் நீளமாக வரும். அதற்குக் கூரான விளிம்பும், பொரியாத கிரேடும் வேண்டும். ஒன்றுக்கானதை இன்னொன்றில் போட்டால், ஆபரேட்டர் சாட்சாத் விஸ்வகர்மாவாகவே இருந்தாலும் முனை நிற்காது.

ஆக, சீட்டு எழுதியவர் ஒருத்தர், விலை பேசியவர் ஒருத்தர், திட்டு வாங்கியவர் வேறொருத்தர்!

பில்லில் மிச்சம், பட்டறையில் நட்டம்

"அது மலிவாக் கிடைச்சுது" என்பதுதான் பர்ச்சேஸ் தரப்பு நியாயம். சரி, கணக்குப் போட்டே பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான். உங்கள் பட்டறை எண்ணை நீங்கள் போட்டுக்கொள்ளலாம்.

நல்ல இன்சர்ட் 400 ரூபாய், நாலு முனை. முனை ஒன்று 100 ரூபாய். அதில் 20 ஷாஃப்ட் ஓடுகிறது. மெஷின் மணிக்கு 600 ரூபாய் என்று வையுங்கள். அதாவது நிமிடத்துக்கு 10 ரூபாய். முனை மாற்றி, ஆஃப்செட் போட்டு, அளந்து பார்க்க 3 நிமிடம், அதாவது 30 ரூபாய். ஒரு ஷாஃப்ட்டுக்கு முனைச் செலவு 5 ரூபாய், மாற்றும் செலவு 1 ரூபாய் 50 காசு. மொத்தம் 6.50.

மலிவு இன்சர்ட் 280 ரூபாய். முனை ஒன்று 70. எட்டு ஷாஃப்ட் தாங்குகிறது என்று பெருந்தன்மையாகவே வைத்துக்கொள்வோம். முனைச் செலவு 8.75, மாற்றும் செலவு 3.75. மொத்தம் 12.50.

பத்து இன்சர்ட் பெட்டி பில்லில் 1200 ரூபாய் மிச்சம். 400 ஷாஃப்ட் ஓடி முடிந்தால் பட்டறையில் 2400 ரூபாய் நட்டம். ரிஜெக்ட் ஆன ஷாஃப்ட்டை இதில் சேர்க்கவே இல்லை! ஆனால் பில் கோப்பில் இருக்கிறது. நட்டம் எந்தக் கோப்பிலும் இல்லை. கோப்பில் இல்லாத நட்டத்துக்கு ஓர் ஆள் வேண்டுமல்லவா? அந்த ஆள்தான் ஆபரேட்டர்.

இதற்காக மலிவு என்றாலே மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. கரடுமுரடான வார்ப்பை முதல் வெட்டு வெட்டும்போது எந்த முனையும் சீக்கிரம் போகும். அங்கே மலிவே லாபமாக இருக்கலாம். கேட்க வேண்டிய கேள்வி 'பெட்டி என்ன விலை?' என்பதல்ல, 'முனைக்கு எத்தனை ஜாப்?' என்பது.

கேட்லாக் வேதமா?

இன்னொரு பக்கம் நம்மைப் போல் படித்தவர்கள் செய்கிற தப்பு. கேட்லாக்கில் நிமிடத்துக்கு 200 மீட்டர் என்று இருக்கிறதா? போடு 200! பெரும்பாலான கேட்லாக்குகளில் அந்த வேகம் 15 நிமிட முனை ஆயுளுக்கான வேகம் என்பதைப் படிக்கிறவர் எத்தனை பேர்?

நாம் பரீட்சைக்கு உருப்போட்ட டெய்லர் சமன்பாடு இங்கேதான் வேலைக்கு வருகிறது. வி × டி-யின் என் அடுக்கு = சி. கார்பைடுக்கு 'என்' ஏறக்குறைய 0.25. இதன் பொருள், வேகத்தை 20 சதவீதம் கூட்டினால் முனையின் ஆயுள் பாதிக்கும் கீழே இறங்கும். இதிலிருந்து மிகக் குறைந்த செலவு தரும் முனை ஆயுளைக் கண்டுபிடிக்கலாம். முனை மாற்றும் நேரத்தோடு, முனை விலை எத்தனை நிமிட மெஷின் வாடகைக்குச் சமமோ அதைக் கூட்டி, மூன்றால் பெருக்க வேண்டும்.

மணிக்கு 3000 ரூபாய் ஆகிற மெஷினில், 100 ரூபாய் முனை என்பது 2 நிமிட வாடகை. மாற்ற 3 நிமிடம். கூட்டினால் 5, மூன்றால் பெருக்கினால் 15 நிமிடம். அடடே, கேட்லாக் எண்! ஆனால் நம்ம ஊரு 600 ரூபாய் மெஷினில் அதே முனை 10 நிமிட வாடகை. 10-உம் 3-உம் 13. மூன்றால் பெருக்கினால் 39 நிமிடம். அதற்கு ஏற்ற வேகம் 200 அல்ல, 160-க்குச் சற்றுக் கீழே. வேகத்தைக் குறைத்து ஓட்டுகிற ஆபரேட்டரைச் சோம்பேறி என்று சொல்லும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க.

ஆர்டர் குவிந்து கிடக்கிறது, இந்த ஒரு மெஷினால்தான் எல்லாம் தேங்குகிறது என்றால் கதை வேறு. அப்போது முனை விலையை மறந்து, மாற்றும் நேரத்தை மட்டும் மூன்றால் பெருக்கலாம். 9 நிமிடம், வேகம் 225-ஐத் தாண்டும். ஒரே ஷாஃப்ட், ஒரே முனை, மூன்று வேகம். மூன்றுமே சரி! எது இன்றைக்குச் சரி என்பதைப் பட்டறையின் நிலைமை சொல்லும், கேட்லாக் சொல்லாது. பொதுவாக முதலில் வெட்டு ஆழத்தைக் கூட்டு, பிறகு ஃபீடைக் கூட்டு, கடைசியாகத்தான் வேகத்தில் கை வை என்று வாத்தியார்கள் சொல்வதும் இதனால்தான். முனையை அதிகம் தின்பது வேகம்.

இந்தச் சமன்பாட்டைத் தந்த ஃபிரடெரிக் டெய்லர், உலோகம் வெட்டுவதைப் பற்றி 26 வருடம் சோதனை செய்து 1906-ல் கட்டுரை படித்தவர். நம் பாடப்புத்தகம் அவரைத் தலையில் தூக்கி வைக்கிறது, வைக்கட்டும். ஆனால் யோசிக்கிற வேலையைப் பட்டறையிலிருந்து எடுத்துத் திட்ட அலுவலகத்தில் வைக்க வேண்டும் என்று வாதிட்டவரும் அவரேதான். 'நம்மள யாரு கேட்கிறாங்க' என்ற அண்ணனின் கேள்விக்கு வேர் அங்கேயும் இருக்கிறது. டெய்லரின் கணக்கு நமக்கு வேண்டும். சுருளைப் பார்த்தே கிரேடு சொல்கிற ஆளை வாயை மூடி நிற்க வைக்கிற ஏற்பாடு வேண்டாம்.

மெஷின் வாங்கும்போது

இன்சர்ட்டில் நடக்கிற அதே கூத்து, மெஷின் வாங்கும்போது லட்சக் கணக்கில் நடக்கிறது. பெங்களூர் கண்காட்சிக்குப் போனார், மின்னுகிற மெஷினைப் பார்த்தார், அட்வான்ஸ் கொடுத்தார். ஒரு ஜாப்புக்கு 6 நிமிடம் ஆகிறது. அதில் வெட்டுகிற நேரம் 3, மாட்டிக் கழற்றி அளக்கிற நேரம் 3. புது மெஷின் 20 சதவீதம் வேகமாக வெட்டினாலும் மிச்சம் 30 விநாடிதான். ஜாப்புக்குப் பொருத்தமாகக் கடைந்த சாஃப்ட் ஜா, ஒரு ஸ்டாப்பர், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கேஜ்... இவை அதைவிட அதிகம் மிச்சம் பிடிக்கலாம். இதை எந்த விற்பனையாளர் சொல்வார்? தினமும் மாட்டிக் கழற்றுகிறவர் சொல்வார்.

20 லட்ச ரூபாய் மெஷின், ஐந்து வருடக் கடன் என்றால் வட்டி இல்லாமலே வருடத்துக்கு 4 லட்சம். வருடம் 300 நாள், இரண்டு ஷிஃப்ட் ஓடினால் மணிக்கு 83 ரூபாய். ஒரே ஷிஃப்ட் என்றால் 167. அதிலும் பாதி நேரம் சும்மா நின்றால் 333. தவணை மெஷினைக் கேட்டு வருவதில்லை. 2012-ல் நம் மாநிலத்தில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது மெஷின் நின்றது, தவணை நிற்கவில்லை.

பழைய மெஷின் வாங்குவதாக இருந்தால் பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீர்கள். டயல் வைத்து ஸ்பிண்டிலின் ஆட்டத்தையும் அச்சுகளின் பேக்லாஷையும் பாருங்கள். நம் சொந்த ஜாப்பையே இருபது ஓட்டி அளந்து பாருங்கள். பாராமீட்டர் காப்பி இருக்கிறதா என்று கேளுங்கள். நினைவகத்தைக் காக்கிற பேட்டரியை மின்சாரம் இருக்கும்போதே மாற்ற வேண்டும். அணைத்துவிட்டு மாற்றினால் பாராமீட்டரே அழிந்துபோகலாம். ஒரு சின்ன பேட்டரியால் பல லட்ச ரூபாய் மெஷின் ஊமையாகிவிடும்.

முதலாளியும் மனுஷன்தான்

ஒரு பக்கமாகவே பேசக்கூடாது. சிறு பட்டறை முதலாளி ஒன்றும் சினிமா வில்லன் இல்லை. சிறு தொழில்காரருக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ம் வருடச் சட்டம் சொல்கிறது. ஆனால் வாங்கிய பெரிய கம்பெனிகள் எல்லாம் அதன்படியா நடக்கின்றன? கையில் காசு இல்லாதவருக்கு இன்றைய 1200 ரூபாய் மிச்சம் கண்ணுக்குத் தெரியும். நாளைய 2400 ரூபாய் நட்டம் தெரியாது. அதைக் காட்ட வேண்டியது யார்? முதலாளிக்கும் ஆபரேட்டருக்கும் நடுவில் நிற்கப்போகிற டிப்ளமாக்காரர்களான நாம்தான்.

ஆனால் கூலியில் கை வைப்பது வேறு விஷயம். பொருள் சேதத்துக்காகச் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமானால், அது நேரடியாக அந்தத் தொழிலாளியின் கவனக்குறைவால் நடந்ததாக இருக்க வேண்டும். அவருடைய விளக்கத்தைக் கேட்டிருக்க வேண்டும். இது 1936-ம் வருடச் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலேயே இருந்த விதி. 2019-ன் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. தப்பான பெட்டியை வாங்கிக் கொடுத்துவிட்டு, உடைந்ததற்குக் கூலியில் பிடிப்பது நியாயமும் இல்லை, சட்டமும் இல்லை.

நாம் என்ன செய்யலாம்?

மாணவர் மன்றத்துக்கு என் கோரிக்கை மூன்றுதான்.

ஒன்று: நம் சி.என்.சி. லேபில் புரோகிராம் எழுதினால் அதன் கீழே ஒரு ஜாப்புக்கு என்ன செலவு என்றும் எழுத வேண்டும் என்று துறையிடம் கேட்போம்.

இரண்டு: டூல் கம்பெனிகளின் பழைய கேட்லாக்குகளையும் காலிப் பெட்டிகளையும் சேகரித்து நூலகத்தில் வைப்போம். லேபிள் படிக்கத் தெரியாமல் ஒருவர்கூட வெளியே போகக்கூடாது.

மூன்று: பயிற்சிக்குப் போகிற ஒவ்வொருவரும் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருப்போம். எந்த முனை, என்ன கிரேடு, எத்தனை ஜாப், ஏன் போச்சு என்று எழுதுவோம். எழுதுவதற்கு முன் ஆபரேட்டரைக் கேட்போம்.

நான் அந்தப் பட்டறையில் அதைத்தான் செய்தேன். இரண்டு பெட்டியின் கணக்கையும் ஒரு தாளில் எழுதி, அண்ணனிடம் காட்டிச் சரிபார்த்து, சூப்பர்வைசரிடம் கொடுத்தேன். முதலாளி என்னைக் கூப்பிட்டுப் பாராட்டவில்லை. அதெல்லாம் கதையில்தான் நடக்கும். ஆனால் அந்த மாதம் அண்ணன் கூலியில் பிடிக்கவில்லை. அடுத்த சீட்டில் அளவுக்குப் பக்கத்தில் கிரேடும் எழுதியிருந்தது. கையெழுத்து அண்ணனுடையது!

நாளை நம்மில் ஒருவர் சூப்பர்வைசராவார், ஒருவர் பர்ச்சேஸில் உட்காருவார், ஒருவர் கடன் வாங்கிச் சொந்தமாகவே பட்டறை போடுவார். அன்றைக்கு ஓர் இன்சர்ட் உடையும். அப்போது 'யார் உடைச்சது?' என்று கத்துவதற்கு முன்னால், 'என்ன அண்ணா ஆச்சு?' என்று கேட்போமா நண்பர்களே?

– இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன்